மெடிக்கல் கார்டு பிரீமியம் ஏறினால் யார் சம்பளம் குறைகிறது?

சுமதி_பாயான்லெப்பாஸ்

வணக்கம். பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். மலேசியாவில் மருத்துவக் காப்பீட்டைச் சீர்திருத்துவது பற்றி இப்போது எங்கும் பேச்சு. எல்லாம் நோயாளி, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் கம்பெனி என்றே போகிறது. சம்பளச் சீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

எங்கள் மெடிக்கல் கார்டுக்கு, அதாவது கம்பெனி எடுத்துத் தரும் குழு மருத்துவக் காப்பீட்டுக்கு, ஆளுக்கு ஆண்டுக்கு 900 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த பிரீமியம், புதுப்பிக்கும்போது 1,250 ஆனது. ஏற்றம் 350. மாதத்துக்குப் பிரித்தால் 29 வெள்ளி. அதே வருஷம் 5 விழுக்காடு என்று பேச்சில் இருந்த இன்கிரிமெண்ட் 4 விழுக்காடாக வந்தது. 2,800 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வாங்குகிற ஆப்பரேட்டருக்கு அந்த ஒரு விழுக்காடு என்பது 28 வெள்ளி. மேலிடம் "ஆர்டர் குறைவு" என்று காரணம் சொன்னது. பட்ஜெட் தாளில் இந்த இரண்டு எண்ணும் அடுத்தடுத்த வரியில் இருந்தன.

28 வெள்ளிதானே என்று விட முடியவில்லை. அடிப்படைச் சம்பளத்தில் சேராத பணம் வேறு எதிலும் சேராது. முதலாளி போடும் 13 விழுக்காடு இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு நிதி) அதற்குக் கிடையாது. ஓவர்டைமுக்கு அடிப்படையை 26-ஆல் வகுத்து, 8-ஆல் வகுத்து, ஒன்றரை மடங்கு போடுகிறோம். ஆக ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் 20 காசு போச்சு. போனஸ் இரண்டு மாதம் என்றால் அதில் 56 வெள்ளி. அடுத்த வருஷ இன்கிரிமெண்டும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும். பிரீமியமாகப் போன பணம் இப்படி எதையும் கூட்டிக்கொண்டு வராது.

கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லைனில் நிற்கிற அக்காமார்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று தெரியும். ஆனால் "கம்பெனி தருது" என்கிறோமே, உண்மையில் பணம் கட்டுவது யார்?


பிறை_மணியம்

தங்கச்சி, கணக்கு சரி. ஒரு பக்கம் மட்டும் சொல்லியிருக்கிறாய். நான் பிறையில் யூனியன் கமிட்டியில் நீண்ட காலம் இருந்தவன். அந்தக் கார்டை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. கூட்டு ஒப்பந்தத்தில் பேசிப் பேசி வாங்கியது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் 1 வெள்ளிக்கு மருந்து, 5 வெள்ளிக்கு நிபுணர். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், அதுதான் நம்மைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஆனால் ஷிப்ட் ஆள் காலையில் நம்பர் எடுத்து மதியம் தாண்டி உட்கார்ந்திருந்தால் ஷிப்ட் அலவன்ஸ் போகும், வருகை அலவன்ஸ் போகும். கார்டு அந்தப் பணத்தைப் பிடித்து வைத்தது. ஆக கார்டும் சம்பளம்தான், சம்பளத்தைப் பேசுவது போல அதையும் மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

பிரீமியம் ஏறினால் இன்கிரிமெண்ட் இறங்கியே தீரும் என்று எழுதி வைக்கவில்லை. பேச ஆள் இல்லாத இடத்தில்தான் அது சத்தமில்லாமல் நடக்கும். மின்னணுத் தொழிலில் நாடு தழுவிய யூனியனுக்குப் பல காலம் அனுமதி கொடுக்கவில்லை. வட்டார யூனியனுக்கே 2009-இல்தான் கதவு திறந்தார்கள். உங்கள் இடத்தில் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள், சொல்லு.


லோரி_சேகர்

பட்டர்வொர்த்தில் சின்ன லோரி கம்பெனி நடத்துகிறேன். முதலாளி பக்கத்தில் இருந்து ஒரு குரல் வேண்டாமா?

பெரிய தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் ஆள். ஒருவருக்குப் புற்றுநோய் வந்தாலும் அந்தச் செலவு கூட்டத்தில் கரைந்துவிடும். எங்களுக்கு அப்படி இல்லை. ஓட்டுநர் ஒருவருக்கு நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லவேளை பிழைத்தார், இப்போதும் என்னிடம்தான் ஓட்டுகிறார். அடுத்த புதுப்பிப்பில் எங்கள் பிரீமியம் அவர் ஒருவராலேயே எகிறியது. தரகர் வந்து என்ன கேட்டார் தெரியுமா? "பாஸ், ஆட்களின் சராசரி வயதைக் குறைக்க முடியுமா?" இதற்கு என்ன அர்த்தம்? 45 வயதுக்காரன் வேலை கேட்டு வந்தால் எடுக்காதே என்று அர்த்தம். ஓய்வு வயதை 2013-இல் 60 ஆக்கினார்கள். 45-இல் வேலை போனவன் மீதி 15 வருஷம் என்ன செய்வான்?

இன்னொன்று. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2011-இல் இருந்து ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்பீடு கட்டாயம். உள்ளூர் ஆளுக்குக் கார்டு கொடு என்று எந்தச் சட்டமும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்கிற முதலாளி செலவைத் தாங்குகிறான். கொடுக்காதவன் டெண்டரில் என்னைவிட விலை குறைத்துப் போடுகிறான்.


பொருளியல்_புவனா

லோரி அண்ணன் சொன்னதும் சுமதி அக்கா சொன்னதும் பொருளியலில் நன்றாக ஆராய்ந்த விஷயம். நான் அந்தத் துறையில் படித்தவள், கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இதில் அதிகம் ஆராயப்பட்ட நாடு அமெரிக்கா, ஏனென்றால் அங்கே காப்பீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. அது யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், சம்பளத்தை உயர்த்தக் கட்டுப்பாடு வந்தது. ஆள் பிடிக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு கொடுத்தார்கள். பிறகு வரிச் சலுகையும் சேர்ந்துகொண்டது. அப்படியே வேர் விட்டுவிட்டது.

கேத்ரின் பெய்க்கர், அமிதாப் சந்திரா இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பிரீமியம் 10 விழுக்காடு ஏறினால் காப்பீடு பெறும் தொழிலாளரின் சம்பளம் 2.3 விழுக்காடு குறைகிறது என்று கண்டார்கள். வேலையில் இருக்கும் வாய்ப்பு 1.2 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது, வேலை நேரமும் 2.4 விழுக்காடு சுருங்குகிறது. சுமதி அக்காவின் பட்ஜெட் தாளில் இருப்பது இதேதான்.

இன்னொரு முக்கியமான ஆய்வு ஜோனதன் குரூபர் 1994-இல் எழுதியது. அமெரிக்க மாநிலங்கள் சில, பிரசவச் செலவையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. அந்தச் செலவு முழுவதும் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களின் சம்பளத்தில் இருந்தே இறங்கியது. வேலை பெரிதாகக் குறையவில்லை. காரணம், அந்தச் சலுகை அவர்களுக்கு வேண்டியதாக இருந்தது, சம்பளமும் இறங்குவதற்கு இடம் இருந்தது.

இறங்க இடம் இல்லாவிட்டால்? அங்கேதான் ஆபத்து. நம் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் இருந்து 1,700. அந்த மட்டத்தில் இருப்பவரின் சம்பளத்தை இறக்க முடியாது. ஆகவே முதலாளி வேறு வழி பார்ப்பார்: ஆள் எடுக்காமல் இருப்பார், ஏஜென்சி வழியாக எடுப்பார், நேரத்தைக் குறைப்பார். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்பவருக்குக் காப்பீடு கட்டாயம் என்றது. 20-க்குக் கீழே நிறுத்தப்பட்ட வேலைகள் அங்கே கூடின. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 50 முழுநேர ஊழியர், வாரம் 30 மணி என்று கோடு போட்டார்கள். கோடு எங்கே இருக்கிறதோ அதற்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ள ஒரு ஆசை வரும்.


கவிதா_செந்தூல்

கோலாலம்பூரில் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். எங்களைத் திட்டுவதற்கு முன் இதையும் பாருங்கள்.

குழுக் காப்பீட்டை வருஷாவருஷம் புதிதாக விலை போடுகிறார்கள். போன வருஷம் எவ்வளவு கிளைம் போனது என்பதுதான் முதல் கேள்வி. சொந்தமாக எடுக்கும் கார்டிலும் விலை ஏறியதால்தான் 2024 கடைசியில் அத்தனை கோபம். 40, 50, 70 விழுக்காடு என்று கடிதம் வந்தவர்கள் என்னிடமே அழுதார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா டிசம்பரில் தலையிட்டு, ஏற்றத்தை குறைந்தது 3 வருஷத்துக்குப் பரப்ப வேண்டும் என்றது. 2026 கடைசி வரைதான் அந்த நிழல்.

கார்டை ரத்து செய்தவர்கள் யார் என்று பார்த்தேன். சம்பளத்தில் இருந்து தானே கட்டுகிறவர்கள். கம்பெனி கார்டு இருக்கிறவர்கள் "நமக்கு என்ன" என்று இருந்தார்கள். சுமதியின் கணக்கு அவர்களுக்குத்தான்.

2024 செப்டம்பரில் இருந்து இணைக்கட்டணம் உள்ள திட்டத்தையும் எல்லாக் காப்பீட்டு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நோயாளி 5 விழுக்காடாவது, இல்லை 500 வெள்ளியாவது கையில் இருந்து கட்டுவார், பிரீமியம் குறையும். சில கம்பெனிகள் இப்போது குழுக் கார்டையும் அப்படி மாற்றுகின்றன. சம்பளச் சீட்டில் எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் பில் கட்டும்போதுதான் தெரியும்.


ராத்திரி_ரைடர்

நீங்கள் எல்லாம் கார்டு வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் ஜெலுத்தோங்கில் இருந்து சாப்பாடு டெலிவரி செய்கிறேன். எங்களுக்குச் சுயதொழில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) இருக்கிறது, அது வேலையில் விபத்து நடந்தால். டெங்கி வந்தால்? போன தடவை காய்ச்சலில் படுத்தபோது மருத்துவச் செலவு பெரிய செலவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரிதான். ஓடாத நாள் ஒவ்வொன்றும் வருமானம் பூஜ்யம், அதுதான் அடி. 2025-இல் எங்களைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, சந்தோஷம். ஆனால் இந்தப் பெரிய சீர்திருத்தத்தில் முதலாளியே இல்லாத எங்களை எந்த வரிசையில் நிறுத்தப் போகிறார்கள்?


தாதி_மேரி

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். அட்மிஷன் கவுண்டரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு அக்கா, தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை செய்தவர், பித்தப்பைக் கல் அறுவைக்குத் தேதி வாங்கியிருந்தார். அதற்கு முன்பே கம்பெனியில் ஆள்குறைப்பு. பணம் கொடுத்து அனுப்பினார்கள், அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வந்து கார்டை நீட்டினார். காப்பீட்டு நிறுவனத்திடம் ஜிஎல் (செலவுக்கு உத்தரவாதக் கடிதம்) கேட்டு அனுப்பினோம். "உறுப்பியம் முடிந்தது" என்று பதில் வந்தது. கடைசி வேலை நாளோடு கார்டும் முடிந்துவிட்டது, அவருக்கு அது தெரியாது. முன்பணம் எவ்வளவு என்று கேட்டார், சொன்னோம். கார்டைப் பர்சில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஜிஎச்சுக்கு (அரசாங்க ஆஸ்பத்திரி) போய்விட்டார். அங்கே நன்றாகத்தான் செய்திருப்பார்கள், ஆனால் வரிசையின் கடைசியில் இருந்து தொடங்கியிருப்பார்.

வேலை போகிற அன்றைக்கே காப்பீடும் போவது எனக்கு நியாயமாகவே படவில்லை. மனிதனுக்கு இரண்டும் ஒரே நாளில் போகக் கூடாது.


சுமதி_பாயான்லெப்பாஸ்

மேரி அக்கா சொன்னதன் மறுபக்கத்தை நான் தினம் பார்க்கிறேன். போகவே முடியாமல் இருப்பவர்கள். எங்கள் லைனில் மார்பகப் புற்றுநோய் குணமாகி வந்த ஒருவர் இருக்கிறார். பத்து காவான் என்ற ஊரில் நல்ல வேலை வந்தது, சம்பளமும் கூட. போகவில்லை. புது இடத்தில் பழைய நோயை ஏற்க மாட்டார்கள். சொந்தக் கார்டு எடுக்கலாம் என்றால் இருக்கிற நோய் விலக்கு. அவருடைய திறமைக்குச் சந்தை கொடுக்கத் தயாராக இருந்த சம்பளத்தை ஒரு பிளாஸ்டிக் கார்டு தடுத்துவிட்டது.

மணியம் அண்ணே, எங்கள் இடத்தில் யூனியன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இபிஎஃப் கணக்கில் இருந்து பிரீமியம் கட்டலாம் என்று 2025-இல் சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அகமட் சொன்னதற்கும் கணக்குப் போட்டேன். 2,800 சம்பளத்துக்கு ஊழியர் 11, முதலாளி 13, ஆக 24 விழுக்காடு: மாதம் 672 வெள்ளி. இதில், பிரீமியத்துக்கு எடுக்கலாம் என்று சொன்ன செஜாத்ரா கணக்குக்கு 15 விழுக்காடு போகும்: 100 வெள்ளி 80 காசு. வருஷத்துக்கு 1,210. பிரீமியம் 1,200 என்றால் அந்தக் கணக்கில் மிஞ்சுவது 10 வெள்ளி! வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதை நம்பித்தானே? விருப்பப்பட்டவர்கள் மட்டும் என்றார்கள், சரி. ஆனால் சம்பளம் குறைந்தவருக்கு அது பழைய சம்பளத்தையே இரண்டாவது தடவை செலவு செய்வது.


பொருளியல்_புவனா

அக்கா சொன்ன பத்து காவான் கதைக்கு அமெரிக்காவில் ஆய்வே உண்டு. பிரிஜிட் மேட்ரியன் 1994-இல், வேலையோடு கட்டிய காப்பீடு ஆட்கள் வேலை மாறுவதைச் சுமார் 25 விழுக்காடு குறைக்கிறது என்று கணக்கிட்டார். மாற முடியாதவர் சம்பளம் பேசவும் முடியாது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ஒபாமா காலச் சட்டம் வேலையை அழித்துவிடும் என்று அங்கே பெரிய சண்டை நடந்தது. நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 2014-இல் ஒரு மதிப்பீடு போட்டது: 2017-இல் சுமார் 20 லட்சம் முழுநேர ஊழியருக்குச் சமமான உழைப்பு குறையும் என்று. எதிர்ப்பாளர்கள் "20 லட்சம் வேலை போகும்" என்று கத்தினார்கள். அறிக்கை சொன்னது வேறு. அதில் பெரும்பகுதி, ஊழியர்கள் தாங்களாகவே வேலை நேரத்தைக் குறைப்பது; காப்பீட்டுக்காகவே வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களும் அதில் சேர்த்தி. வயதான அம்மாவைப் பார்க்க வேலையை விடுபவரும் அந்த எண்ணிக்கைக்குள் வருவார். அதை வேலை இழப்பு என்று எழுதினால் தப்பு.

இப்போது நம் கதை. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே பிரீமியம் கட்டுவதும் சம்பளத்தில் விழுக்காடு கட்டுவதும் ஒன்றில்லை. ஆண்டுக்கு 1,200 வெள்ளி பிரீமியம் என்பது 1,700 வாங்குபவரின் சம்பளத்தில் 5.9 விழுக்காடு. 10,000 வாங்கும் மேலாளருக்கு அது 1 விழுக்காடு. அதனால் கட்டாயக் கார்டு என்று சட்டம் போட்டால், கீழ்மட்டத்து ஆளை எடுப்பதுதான் விலை ஏறும். இந்தோனேசியா 2014-இல் தொடங்கிய திட்டத்தில் முதலாளி 4 விழுக்காடு, ஊழியர் 1 விழுக்காடு, எல்லாம் சம்பளத்தின் மேல். தாய்லாந்து 2002-க்குள் 30 பாட் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது, அது வரிப் பணம். ராத்திரி ரைடர் கேட்டதற்கு அது மாதிரிதான் பதில், அங்கே முதலாளி இருக்கிறாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அதற்கும் பக்கவிளைவு உண்டு: பதிவு பெற்ற வேலையை விட்டு வெளியே உழைப்பவர்கள் கூடினார்கள் என்று ஆய்வு வந்தது.


பிறை_மணியம்

இன்னொரு பிடித்தமா? மக்கள் ஒத்துக்கொள்வார்களா என்று யோசியுங்கள். 1கேர் என்ற அரசாங்கச் சுகாதார நிதித் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? 2012 வாக்கில் சம்பளத்தில் 10 விழுக்காடு போகப் போகிறது என்று பேச்சுப் பரவி, எதிர்ப்பு கிளம்பி, அப்படியே மூடி வைத்தார்கள். 2023 ஜூனில் சுகாதார வெள்ளை அறிக்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 15 வருஷத் திட்டம். நிதி எங்கிருந்து வரும் என்ற இடத்தில் இன்றைக்கும் யாரும் பட்டென்று பேச மாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் ஒன்று. சொக்சோ வந்தபோதும் இப்படித்தான் முணுமுணுத்தோம். இன்று சொக்சோ டயாலிசிஸுக்குப் பணம் கட்டுகிறது, என் மச்சான் அதில்தான் உயிரோடு இருக்கிறார். முதலாளி 1.75, நாம் அரை விழுக்காடு. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். அப்படி ஒன்று என்றால் யூனியன்காரர்களிடம் நான் பேசுவேன். அதற்காகக் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிற கார்டை முன்கூட்டியே விட்டுக்கொடு என்றால் முடியாது.


லோரி_சேகர்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேச்சுக்கு 2 விழுக்காடு என்று வைப்போம். 1,700 வாங்கும் கெலிண்டானுக்கு (லோரி உதவியாளர்) மாதம் 34, வருஷம் 408 வெள்ளி. 3,500 வாங்கும் ஓட்டுநருக்கு 840. இப்போது தலைக்குக் கட்டுவதை விடக் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், ஸ்டென்ட் வைத்த ஓட்டுநருக்கும் 25 வயதுப் பையனுக்கும் ஒரே விழுக்காடு. தரகர் வந்து சராசரி வயது கேட்க மாட்டார். கார்டு கொடுக்காமல் விலை குறைக்கிற போட்டிக்காரனும் கட்டியாக வேண்டும். எனக்கு வேண்டியது அது.

ஆனால் அந்தப் பணமும் தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்குள் போய் மறையும் என்றால் 2 விழுக்காடு நாளைக்கு 4 ஆகும். அதற்கு என்ன வழி?


கவிதா_செந்தூல்

அதற்குத்தான் 2025-இல் அறிவித்த ரீசெட் என்ற காப்பீட்டுச் சீர்திருத்தத் திட்டத்தில், ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் தொகுத்து ஒரே விலை என்ற முறையைச் சேர்த்திருக்கிறார்கள். ஊசி, பஞ்சு, கையுறை என்று வரி வரியாக எழுதுவது போய், பித்தப்பை அறுவைக்கு இவ்வளவு என்று இருக்கும். அடிப்படைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றும் வருகிறது: 2026 பிற்பகுதியில் முன்னோட்டம், 2027-இல் முழுமையாக என்று இலக்கு. ஆனால் அது விருப்பப்பட்டவர் வாங்குவது. சேகர் அண்ணன் கேட்பது மாதிரி எல்லோரும் ஒரே நிதியில் கட்டுவது இல்லை. முகவராக எனக்கு இதில் வியாபாரம் குறையலாம். இருந்தாலும் சொல்கிறேன், ஆரோக்கியமானவர்கள் வெளியே நின்றால் உள்ளே இருப்பவர்களின் விலை ஏறிக்கொண்டேதான் போகும்.


சுமதி_பாயான்லெப்பாஸ்

எல்லோருக்கும் நன்றி. மணியம் அண்ணே கேட்டதற்குப் பதில்: யூனியன் இல்லாவிட்டாலும் எங்களிடம் ஊழியர் பிரதிநிதிக் குழு இருக்கிறது, எச்ஆரோடு அடுத்த கூட்டம் வருகிறது. நான் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, கம்பெனி கட்டும் பிரீமியத்தை இபிஎஃப், சொக்சோ மாதிரியே சம்பளச் சீட்டில் ஒரு வரியாகக் காட்ட வேண்டும். மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது, நானே சோதித்துவிட்டேன். இரண்டு, பிரீமியம் இறங்கும் வருஷத்தில் அந்தப் பணம் அடிப்படைச் சம்பளத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று, வேலை போகிறவருக்குக் கார்டு முடியும் தேதியை, பணம் வாங்கிக் கையெழுத்துப் போடும் கடிதத்திலேயே எழுத வேண்டும். மேரி அக்கா, மூன்றாவது உங்கள் பதிவைப் படித்த பிறகு சேர்த்தது.

சேகர் அண்ணே, புதுப்பிப்புக் கடிதத்தில் கிளைம் விகிதம் என்று ஒரு எண் இருக்கும், தரகரிடம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் இங்கே சொல்லுங்கள், எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறேன்.